காக்கிவாக் – தமிழில் என்ன போடலாம்?

டொரன்டோவிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். வட கனடாவின் நூனவுட் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் ‘சார்’ (char) என்னும் மீனைக் குத்தும் கருவியான காக்கிவாக்குக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான செய்முறைக் கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆளுயரத்துக்கு மேற்பட்ட மரக்கம்பு. நுனி நடுவில் எலும்பிலோ மான்கொம்பிலோ செய்த கூர்முள். அதன் இருபுறமும் கஸ்தூரி எருதின் கொம்பைச் சீவிச் செய்த இரண்டு வளையும் கைகள். ஒவ்வொரு கை முனையிலும் உள்நோக்கி, மேல்சாய்வாக ஒரு முள். கட்டெல்லாம் கரிபு மானின் தசைநாண். ‘மீன் ஈட்டி’ என்றால் கைகள் கவ்வுவது விடுபட்டுப் போகிறது.

தஞ்சாவூர்:
சொல் நம்மிடமே இருக்கிறது: எறியுளி. குறுந்தொகை 304ஆம் பாட்டில் பரதவர் கோட்டுமீன் (சுறா) மீது எறியும் கருவி. அதன் கம்பு ‘முளிவெதிர் நோன்காழ்’, உலர்ந்த மூங்கிலின் வலிய காம்பு. உங்கள் மரக்கம்புக்கும் ‘காழ்’ என்றே போடுங்கள்.

தூத்துக்குடி:
ஐயா, காக்கிவாக்கை எறிவதில்லை. மீன் ஆற்றில் ஏறும் பருவத்தில் கல்லணை கட்டி மடக்கி, நேர் மேலிருந்து குத்துவார்கள். அப்படிக் குத்தினால்தான் தண்ணீரில் மீன் இடம் மாறித் தெரிவதும் குறையும். சீல் வேட்டைக்கு அவர்களிடம் தலை கழன்று கயிற்றோடு போகும் வேறு கருவி உண்டு. எறியுளியை இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு எதைக் கொடுப்பது? கடற்கரையில் மீன் குத்தும் ஈட்டிக்கு மண்டா என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்தால் போதும்.

கோவை:
கடற்கரை தாண்டினால் மண்டா எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? என் பரிந்துரை கவ்வீட்டி. கவ்வு + ஈட்டி, குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. கவ்வு, கவை, கவர், கவடு எல்லாம் ஒரே வேர். இரண்டாகப் பிரிவதும் பிடிப்பதும் அந்த வேரிலேயே இருக்கிறது. கவணையும் இதில் சேர்க்கலாம்.

தஞ்சாவூர்:
கவணை விட்டுவிடுங்கள். கவ்வு குற்றியலுகரமும் அல்ல, வகரம் வல்லினமா? அது முற்றியலுகரம். ‘முற்றும் அற்று ஒரோவழி’ (முற்றியலுகரமும் சிலவிடத்தில் அப்படியே கெடும்) என்று நன்னூல் 164 இடம் தருவதால் கவ்வீட்டி பிழையில்லை. ஆனாலும் ‘கவ்வுவேல்’ இன்னும் தெளிவு.

தூத்துக்குடி:
வேல் என்றால் பிள்ளைகள் இலைவடிவ முனையைத்தான் வரைவார்கள்.
பெயர் எதுவானாலும் செய்முறையில் இவற்றைத் திருத்துங்கள். கம்பில் பள்ளம் வெட்டாமல் கைகளைக் கட்டினால் முதல் குத்திலேயே மேலே நழுவும். தசைநாணை நனைத்துக் கட்ட வேண்டும், காயும்போதுதான் இறுகும். முள்முனைகளின் இடைவெளி மீனின் முதுகுத் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அகலமானால் மீன் நடுமுள்ளில் மட்டும் தொங்கி, உதறிக் கழன்றுவிடும். கை விறைப்பாக இருந்தால் விரியாது, மீனைக் கீழே தள்ளிவிடும். வகுப்பில் கொம்புக்குப் பதில் மூங்கில் பத்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் தோல்பக்கம் உள்ளே பார்க்க வேண்டும். கை வெளியே விரியும்போது இழுபடுவது உள்முகம். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது தோலடியில். மாற்றிக் கட்டினால் அடிக்கட்டருகே பிளக்கும். படத்தில் தோல் வெளிப்பக்கம் இருக்கிறது.

டொரன்டோவிலிருந்து:
படத்தை மாற்றச் சொல்லிவிட்டேன், மிக்க நன்றி. பெயருக்குக் கவ்வீட்டி, கவ்வுவேல், மண்டா என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நேரமில்லை. முதல் இடத்தில் ‘காக்கிவாக் என்னும் கவ்வீட்டி’, பிறகு கவ்வீட்டி. கம்பு கம்பாகவே இருக்கட்டும், காழ் வேண்டாம்.

தஞ்சாவூர்:
காழை விட்டது வருத்தம். மற்றபடி சரி.

தூத்துக்குடி:
எனக்கு உடன்பாடில்லை. மண்டாவை நான் கைவிடுகிறேன், ஆனால் முதலில் ஒருமுறை சொல்லிவிட்டு அந்த மக்கள் வைத்த பெயரை விட்டுவிடுவது முறையல்ல. கவ்வீட்டி வகைப்பெயராக இருக்கட்டும். பாடம் முழுவதும் காக்கிவாக் என்றே வரட்டும். அடுத்த பாடத்தில் மூங்கில் நுனியை நாலாகப் பிளந்து, குறுக்குக் குச்சி செருகி விரிக்கும் ஈட்டி வருகிறதே, அதில் கவ்வும் கையே கிடையாது. அதற்கு என்ன போடப் போகிறீர்கள்?