கேனன் இஓஎஸ் 650: வெயிலில் எடுத்த படங்களில் மட்டும் கறுப்புப் பட்டை

செம்பூர்35:
மும்பை போரா பஜாரில் பழைய இஓஎஸ் 650 ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கினேன். டிஜிட்டல் கேமராவில் போட்டுக்கொண்டிருந்த கேனன் 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸ் இதிலும் ஒழுங்காக ஃபோகஸ் பிடிக்கிறது. முதல் ரோல் 400 ஐஎஸ்ஓ கலர். மெரைன் டிரைவில் உச்சி வெயிலில் எடுத்ததில் எல்லாம் ஓரமாக ஒரு கறுப்புப் பட்டை. இரண்டு பிரேம் முழுக் கறுப்பு. வீட்டுக்குள் எடுத்தவை பழுதில்லை. லேப் சொதப்பலா, கேமராவா?

ஷட்டர்பித்து:
லேப்பைத் திட்டாதீங்க. நெகட்டிவ் ஓரத்து எண்கள் அழுத்தமாக இருந்தால் டெவலப்பிங் சரி. படத்தில் பட்டை விழுந்த இடம் நெகட்டிவில் வெறும் ஆரஞ்சு ஃபிலிமாக இருக்கும். அங்கே வெளிச்சமே படவில்லை.

1987ல் வந்த இந்த மாடலுக்குப் பேர்போன வியாதி இது. ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரையாகத் திறந்து மூடும் ஷட்டர் தகடுகள் ஓடி வந்து மோதும் இடத்து ஃபோம், வயசாகி தார் மாதிரி இளகித் தகட்டில் ஒட்டும். தகடு துளி தாமதமாகக் கிளம்பினால், வீட்டுக்குள் வரும் 1/60 செகண்ட் மாதிரி மெதுவான வேகத்தில் தெரியாது. வெயிலில் வரும் 1/1000 செகண்டில் இரண்டு திரைக்கும் நடுவே இருப்பதே மெல்லிய இடுக்கு, அது மூடிப்போகும். பின்கதவைத் திறந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தகட்டைப் பாருங்க. பளபளவென்று கறுப்புக் கறை தெரியும். விரல் வைக்காதீங்க.

மாட்டுங்கா_நெகட்டிவ்:
துடைக்கலாம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காட்டன் பட்ஸ். பட்ஸை நனைத்துப் பிழிந்து, ஈரம் இருக்கோ இல்லையோ என்ற அளவில், தகட்டின் நீளவாக்கில் அழுத்தாமல் இழுங்க. காய்ந்ததும் எம் (மேனுவல்) மோடில் 1/1000 வைத்து இருபது முப்பது தடவை கிளிக் பண்ணுங்க. உள்ளே ஒளிந்த பசை மறுபடி மேலே வரும், திரும்பத் துடைக்கணும். பட்ஸ் வெள்ளையாக வரும்வரை இதே வேலைதான். சொட்டச் சொட்ட விட்டால் கரைந்த பசை தகடுகளுக்கு நடுவே இறங்கிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

செம்பூர்35:
கறை இருக்கு! சானிடைசர் போதுமா?

மாட்டுங்கா_நெகட்டிவ்:
வேண்டவே வேண்டாம். அதில் தண்ணியும் ஜெல்லும் இருக்கு.

ஷட்டர்பித்து:
ஃபோம் உள்ளேயே இருப்பதால் பசை திரும்ப வரலாம். நிரந்தரத் தீர்வுக்கு ஷட்டரையே கழற்றணும். அந்தக் கூலிக்கு இன்னொரு பாடி வாங்கிடலாம். கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் துடைக்கும் முன்பே கேளுங்க. பதிலுக்கு கேனனின் இன்னொரு ஃபிலிம் கேமராவான இஓஎஸ் 5 கொடுத்தால் மோட் டயலைச் சுற்றிப் பார்த்து வாங்குங்க, அதில் உடைவது அதுதான். அடுத்த ரோல் போடும் முன், லென்ஸைக் கழற்றி, வெள்ளைச் சுவரைப் பார்த்து, பின்கதவு வழியாக போனில் ஸ்லோமோஷன் எடுங்க. இடுக்கு முழுசாக ஓடினால் ஃபிலிம் போடலாம்.