பட்டாளத்திலிருந்து வந்து ஃபங்ஷனல் ஃபிட்னஸ் கோச் ஆவது: எதைப் புதிதாகப் பழக வேண்டும்?

காலாட்படை_17

ஜெய்ஹிந்த். 17 வருட சர்வீஸ் முடித்து அடுத்த மார்ச்சில் பென்ஷன் வருகிறேன். வயது 36. யூனிட்டில் காலை பி.டி.யில் (உடற்பயிற்சி நேரம்) ஓட்டம், பீம் (புல்-அப் கம்பி), ரோப் போக கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு), மணல் மூட்டை, டயர் என்று சர்க்யூட்டும் (பல பயிற்சிகளைச் சுற்றிச் சுற்றிச் செய்வது) நடக்கிறது. இதையே தொழிலாக எடுத்து, திருப்பத்தூர் பக்கம் சின்னதாக ஒரு இடம் தொடங்க எண்ணம். 700 சதுர அடி ஷெட், அதை ஒட்டி மண்தரை காலியிடம் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு 12 பேர்.

கேட்க வேண்டியவை: பட்டாள பி.டி.யில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்? எந்தச் சான்றிதழ் உண்மையில் பயன்படும்? குறைந்தபட்சம் என்னென்ன சாமான் வேண்டும்? ஆர்மி ரேலிக்கு (ஆள்சேர்ப்பு முகாம்) போகும் பையன்களையும் 45 வயது கடைக்காரரையும் ஒரே வகுப்பில் நிறுத்த முடியுமா?

உஸ்தாத்_ஓய்வு

தம்பி, ஜெய்ஹிந்த். கெட்டில்பெல் தூக்கத் தெரிந்த பட்டாளத்துக்காரர் முதலில் பழக வேண்டியது சுமையைக் குறைப்பதை. பட்டாளத்தின் பி.பி.இ.டி. ஒரு உடல் திறன் தேர்வு: பேட்டில் லோடுடன் (போர்ச் சுமை) 5 கிலோமீட்டர், 60 மீட்டர் ஸ்பிரின்ட், ரோப், 9 அடி பள்ளம். எல்லோருக்கும் ஒரே சுமை, வயதுக்கு ஏற்ப நேரம் மட்டும் மாறும். அங்கே ஃபால்-இன் ஆகிறவர்கள் மெடிக்கலில் ஷேப்-1 (முழுத் தகுதி) வாங்கி வந்தவர்கள். உங்கள் ஷெட்டுக்கு வருகிறவருக்கு அப்படி யாரும் பார்த்து முத்திரை குத்தவில்லை.

அதனால் முதல் நாள் பயிற்சி வேண்டாம். ஒரு தாளில் தமிழில் கேள்விகளை அச்சடித்து வையுங்கள்: நெஞ்சு வலி, தலைசுற்றல், பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூட்டு அல்லது முதுகுப் பிரச்சினை, கடந்த ஆறு மாதத்தில் ஆபரேஷன், டெங்கு போன்ற காய்ச்சல். ரத்த அழுத்தம் பாருங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்தும் 160/100-ஐத் தொட்டால் டாக்டர் கடிதம் வந்த பிறகுதான் ஆரம்பம். இதில் தயவு காட்டக் கூடாது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் புஷ்-அப் 10, பீமில் தொங்குவது எத்தனை விநாடி, 6 நிமிட நடை எவ்வளவு தூரம். நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரம் இதையே மறுபடி எடுத்துக் காட்டினால் ஆள் நிற்பார்.

குனிந்து தூக்குவதைக் குச்சி வைத்துச் சொல்லிக்கொடுங்கள். குச்சி பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு என மூன்று இடத்தில் தொட வேண்டும். சுவருக்கு ஒரு அடி முன்னால் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, இடுப்பைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடச் சொல்லுங்கள். முழங்கால் முன்னால் போனால் அது ஸ்குவாட் ஆகிவிட்டது. குச்சி வால் எலும்பை விட்டு விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம், அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள். இதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கால் உள்ளே சாய்வதைப் பார்க்க எதிரே வர வேண்டும். பட்டாளப் பழக்கத்தில் முன்னால் நின்றே முழு வகுப்பையும் நடத்துவோம், அங்கிருந்து பாதிப் பிழை தெரியாது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம், அதுவும் இரண்டு மூன்று வார்த்தையில்.

கெட்டில்பெல் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து குனிந்து தூக்குவது) மூன்று வாரம் சுத்தமாக வந்த பிறகே ஸ்விங் (கால்களுக்கு நடுவிலிருந்து குண்டை முன்னால் வீசுவது). கையால் தூக்கினால் தோள் வலிக்கும். குண்டு முழங்காலுக்குக் கீழே போனால் இடுப்பு வாங்கும், அது தொடைச் சந்தை ஒட்டிப் போக வேண்டும். எடை ஏற்றும்போது ஒரு கணக்கு: 8 கிலோவிலிருந்து 12 கிலோ என்பது ஒன்றரை மடங்கு. அதனால் 8 கிலோவிலேயே 8 ரெப்பை (தடவையை) 12 ஆக்கி, மூன்று வகுப்பு நிலையாக வந்த பிறகு அடுத்த குண்டுக்கு மாற்றி, ரெப்பை மறுபடி 6-க்கு இறக்குங்கள்.

கடைக்காரரும் பையனும் ஒரே வகுப்பில் நிற்கலாம், போர்டில் மூன்று நிலை முன்கூட்டியே எழுதியிருந்தால். உதாரணம், 10 நிமிட சர்க்யூட்: டெட்லிஃப்ட் 8, புஷ்-அப் 6, சுமை நடை 40 மீட்டர். முதல் நிலை 24 கிலோ, தரையில் புஷ்-அப், 30 கிலோ மூட்டை. இரண்டாவது 16 கிலோ, மேசை உயரத்தில் புஷ்-அப், 20 கிலோ மூட்டை. மூன்றாவது, கட்டை மேல் வைத்த 8 கிலோ, சுவரில் புஷ்-அப், கைக்கு ஒரு 5 லிட்டர் தண்ணீர் கேன். எந்த நிலை என்று முடிவு செய்வது நீங்கள், அவர் இல்லை. நடுவில் ஒருவரிடம் போய் வீட்டு விலாசத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் வராவிட்டால் முதல் மாதத்துக்கு அது அதிகம்.

கடைசியாக, ரகடா, அதாவது பட்டாளத்துத் தண்டனைப் பயிற்சி. தாமதமாக வந்தால் புஷ்-அப், எண்ணிக்கை விட்டால் பர்பி. சிவிலில் இதை ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள். தண்டனையாகக் கொடுத்த புஷ்-அப்பை நாளை பயிற்சியாகக் கொடுத்தால் யாருக்கும் அதில் அக்கறை இருக்காது. திட்டத்தில் இல்லாத நூறு ரெப் கூடுவது உடம்புக்கும் ஆபத்து, அதைப் பிசியோ யாராவது விளக்கினால் நல்லது.

பிசியோ_நெல்லை

விளக்குகிறேன், ஏனென்றால் இதில்தான் பட்டாளத்திலிருந்து வரும் கோச்சுகள் தெரியாமல் சறுக்குகிறார்கள். ராப்டோமயோலிசிஸ்: தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குவது. சோம்பேறியாக இருந்தவர் பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடுவார், தப்பித்துவிடுவார். ஆபத்து யாருக்கு என்றால், முன்பு நல்ல ஃபிட்டாக இருந்து ஒன்றிரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு. மனசு பழைய வேகத்தில் ஓடும், தசை அங்கே இருக்காது. முன்னாள் ராணுவத்தினர், கபடி ஆடியவர்கள், முன்னாள் போலீஸ்: முதல் நாளே கவனமாகப் பிடித்து நிறுத்த வேண்டியது இவர்களைத்தான்.

மோசமான பயிற்சிகள், தசை நீண்டுகொண்டே சுமை தாங்குபவை: பீமில் ஏறி நின்று மெதுவாக இறங்கும் நெகட்டிவ், கிப்பிங் புல்-அப் (உடம்பை வீசிப் போடுவது), ஒரே மூச்சில் நூறு ஸ்குவாட். அடையாளம் ஒன்று முதல் மூன்று நாளில் தெரியும். கை வீங்கி முழங்கை மடங்காது, சிறுநீர் கோலா அல்லது கடுங்காப்பி நிறத்தில் போகும். அப்போது ‘உடம்பு வலி, சரியாகிவிடும்’ என்று சொல்லாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், சி.கே. ரத்தப் பரிசோதனை (தசைச் சிதைவைக் காட்டுவது) கேட்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போடவே கூடாது, அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். முதல் இரண்டு வாரம், இழுக்கும் பயிற்சியாக ஒரு வகுப்புக்கு மொத்தம் 15 முதல் 20 ரிங் ரோ (வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து நின்று உடம்பை இழுப்பது) போதும். நெகட்டிவ் வேண்டவே வேண்டாம்.

இங்கே மர்ஃப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் இறந்த அமெரிக்கக் கடற்படை சீல் அதிகாரி மைக்கேல் மர்ஃபியின் நினைவாக கிராஸ்ஃபிட் என்ற அமெரிக்க உடற்பயிற்சி நிறுவனம் வைத்த பயிற்சி அது: ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 புஷ்-அப், 300 ஸ்குவாட், மறுபடி ஒரு மைல், 20 பவுண்டு எடை வைத்த வெஸ்ட்டுடன். வீரனுக்கு மரியாதை என்பதால் பட்டாளத்துக்காரர்கள் திறப்பு விழாவுக்கே இதை வைக்க விரும்புவார்கள். புல்-அப் எண்ணிக்கையைப் பாருங்கள், மே மாத வெயிலையும் பாருங்கள். மூன்று மாதம் ஒழுங்காக வந்தவருக்குக் கால் பங்கு கொடுங்கள்: 400 மீட்டர், 25 ரிங் ரோ, 50 மேசை புஷ்-அப், 75 ஸ்குவாட், 400 மீட்டர். அதையும் 5 சுற்றாகப் பிரித்து, வெஸ்ட் இல்லாமல்.

சிட்-அப் பற்றி ஒரு வார்த்தை. காலைப் பிடித்துக்கொண்டு, கையைக் கழுத்துக்குப் பின்னால் கோர்த்து எண்ணிக்கைக்காகப் போடுவது முதுகுத் தொல்லை உள்ளவருக்கு ஆகாது. பத்து விநாடி பிளாங்க் ஆறு தடவை, ஒரு கையில் மட்டும் சுமை பிடித்து நடப்பது, இவை போதும்.

தகர ஷெட் என்றால் காலை ஒன்பதுக்கு மேல் கோடையில் வகுப்பு வைக்காதீர்கள். புதிதாக வருகிறவர் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஒருவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெறும் மயக்கம் இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். வண்டி தேடுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் உட்கார வையுங்கள், கழுத்துக்குக் கீழ் முழுக்க. அந்தத் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கட்டும். ஒருவர் 108-க்கு அழைக்கும்போது மற்றவர் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

இரும்புப்பட்டறை

சாமான் பற்றி. 12 பேருக்கு கெட்டில்பெல் 8 கிலோ ஆறு, 12 கிலோ ஆறு, 16 கிலோ நான்கு, 24 கிலோ இரண்டு. மர ரிங் ஆறு ஜோடி. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 12 அங்குலப் பெட்டி நான்கு, 20 அங்குலம் இரண்டு. பார்பெல்லை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஷெட் தரைக்கு 15 மில்லிமீட்டர் ரப்பர் மேட், குண்டு வைக்கும் பகுதிக்கு மட்டும் போட்டால் போதும்.

பீமை வெல்டரிடம் செய்யுங்கள். ஒரு அங்குல ஜி.ஐ. பைப், சி கிளாஸ். வெளி விட்டம் சுமார் 34 மில்லிமீட்டர் வரும், பிடிக்கச் சரியாக இருக்கும். ஒன்றேகால் அங்குலம் வாங்கினால் வெளியே 42 வந்துவிடும், சிறிய கைக்கு வழுக்கும். தூணுக்குத் தூண் 4 அடிக்கு மேல் போனால் நடுவில் தொய்யும். தூண் 3 அங்குலப் பைப், இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட். பிடிக்கும் இடத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள், வேர்வையில் வழுக்கும்.

மணல் மூட்டைக்கு உங்கள் பழைய கிட் பேக்கே சிறந்த உறை. ஆனால் மணலை நேராக அதில் கொட்டக் கூடாது. இரண்டு நாள் வெயிலில் காய வைத்த மணலை 10 கிலோ பைகளாக, முக்கால் அளவு மட்டும் நிரப்பி, வாயை மடித்து இரண்டு கேபிள் டை போடுங்கள். ஈர மணல் பூஞ்சை பிடிக்கும். எம்-சாண்ட் என்றால் கழுவியதாக இருக்கட்டும், தூள் தையல் வழியே வந்து மூச்சில் போகும். முழுக்க நிரப்பிய பை முதல் முறை போட்டதுமே வெடிக்கும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் உமி கலந்து 8 கிலோவில் பெரிய மூட்டையாகக் கட்டலாம். கட்டிப்பிடிக்கும் பருமன் அப்படியே இருக்கும், எடை மட்டும் குறையும்.

லாரி டயரைப் புரட்ட வேண்டாம். உள்ளங்கையை மேலே வைத்துக் கையால் வெட்டி இழுத்தால் பைசெப்ஸ் தசைநார் அறுந்துவிடும். அதையே கயிறு கட்டி இழுக்க வையுங்கள், மண்தரையில் அருமையான பயிற்சி. இறங்கும் வேலை இல்லாததால் மறுநாள் வலியும் குறைவு.

டிராக்_400

உஸ்தாத் சொன்னதில் ஒன்றில் மாறுபடுகிறேன். ரேலிப் பையன்களைப் பொது வகுப்பில் சேர்க்காதீர்கள். அக்னிவீர் ரேலியில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், 10 புல்-அப்புக்கு 40. அதாவது 400 மீட்டருக்கு 82.5 விநாடி. சர்க்யூட் எவ்வளவு போட்டாலும் இந்த வேகம் வராது, ஓடித்தான் வரும்.

வாரத்துக்கு ஒரு நாள் 400 மீட்டர் ஆறு தடவை, 82 முதல் 84 விநாடிக்குள், இடையில் 2 நிமிட நடை. ஒரு நாள் 200 மீட்டர் எட்டு. இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 6 கிலோமீட்டர். பெரும்பாலான பையன்கள் முதல் 400-ஐ 72-ல் ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் செத்துப்போகிறார்கள். அதனால் முதல் சுற்றை 82-க்கு முன்னால் முடிக்கிறவனைத் திரும்ப அனுப்புங்கள். தார் ரோட்டில் தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு வலி வரும், மண்தரையில் ஓட விடுங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள். புல்-அப் கை முழுக்க நீட்டித் தொங்குவதிலிருந்து. அதிகபட்சம் 6 போடுகிறவன் தினமும் மூன்று மூன்றாக ஐந்து செட், தோற்காமல். கெட்டில்பெல் இவர்களுக்கு வாரம் இரண்டு நாள், அதுவும் ஓட்டத்துக்குப் பிறகு.

கோச்சிங்_மதுரை

சான்றிதழ். முதலில் சி.பி.ஆர்., முதலுதவி. இது இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள். அடுத்து, டி.ஜி.ஆர். எனும் மறுவாழ்வு இயக்குநரகத்தின் படிப்புகள். பணியில் இருக்கும்போதே யூனிட் வழியாக விண்ணப்பிப்பது எளிது, மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். ஃபிட்னஸ் டிரெய்னர் என்ற தேசியத் திறன் தகுதி விளையாட்டுத் துறைக்கான திறன் கவுன்சிலின் கீழ் வருகிறது, ஜிம் வேலைக்கும் கடன் மனுவுக்கும் காட்டலாம். புனேயில் உள்ள ராணுவ உடற்பயிற்சிக் கல்லூரியில் கோர்ஸ் முடித்திருந்தால் அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். பள்ளி, கல்லூரி வேலைக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஒரு விளையாட்டில் ஆழமாகப் போக விரும்பினால் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்).

கிராஸ்ஃபிட் லெவல் 1 இரண்டு நாள் படிப்பு, கடைசியில் தேர்வு, ஐந்து வருடம் செல்லும். கற்றுத்தருவது உருப்படியான விஷயம்: முதலில் அசைவு, பிறகு அதே அசைவு தவறாமல் வருவது, அதற்கப்புறமே வேகம். ஆனால் சான்றிதழ் வாங்கியதால் அந்தப் பெயரைப் போர்டில் எழுதக் கூடாது. பெயருக்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் கட்டி அஃபிலியேட் (பெயரைப் பயன்படுத்த அனுமதி பெற்ற இடம்) ஆக வேண்டும். ‘ஃபங்ஷனல் டிரெய்னிங்’ என்று எழுதுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வி இனி நிறைய வரும். அக்னிவீர் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. நான்கு வருடம் முடித்து வருகிறவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரப் பணி. இருபது வயதைத் தாண்டிய பையன்கள் நல்ல உடம்போடு வெளியே வருவார்கள். உங்களுக்கு உதவியாளர் தேவைப்பட்டால் அங்கிருந்து எடுங்கள். ஆனால் முதல் இரண்டு மாதம் அவர்கள் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுக்காமல், குச்சியைக் கொடுத்துப் பார்க்கப் பழக்குங்கள்.

காலாட்படை_17

எல்லோருக்கும் நன்றி. ரேலி வகுப்பைத் தனியாக அதிகாலையில் வைக்கிறேன். இன்னொன்று: முதல் மாதத்தில் பொது வகுப்பு வாரத்துக்கு எத்தனை நாள்?

உஸ்தாத்_ஓய்வு

டிராக்_400 சொல்வது சரி, ரேலிக்குத் தனி வகுப்புதான். பொது வகுப்பு மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி. 12 நிமிடம் வார்ம்-அப், 18 நிமிடம் ஒரே ஒரு அசைவைக் கற்பது, 8 நிமிட சர்க்யூட், மீதி நடை. நான்காவது வாரம் சர்க்யூட்டை 10 ஆக்குங்கள். செவ்வாய், வியாழனில் வந்து நிற்பவரை அரை மணி நேரம் நடக்க அனுப்புங்கள். கட்டணம் வாங்கிவிட்டோமே என்று தினமும் வகுப்பு வைத்துவிடாதீர்கள்.