டயப்பர் இல்லாமல் ஆய் போக மாட்டேன் என்கிற குழந்தைகள்: உங்கள் அனுபவம்?

திருச்சி அம்மா:
மகனுக்கு இரண்டே முக்கால் வயது. உச்சா ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஆய் மட்டும் டயப்பர் மாட்டினால்தான், அதுவும் ஹாலில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான். போன மாதம் ஒருநாள் டயப்பர் தீர்ந்துபோச்சு என்று பொய் சொன்னேன். திரைக்குக் கீழே அவனுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன, குதிகால் தரையில் படாமல், விரல்களை அழுத்தி ஊன்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு. முக்குகிறான் என்று நினைத்துக் கைதட்டி உற்சாகப்படுத்தினேன். அவன் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான். நான்கு நாள் போகவில்லை, ஐந்தாம் நாள் ரத்தக் கோட்டோடு போனான். "உள்ளேயே இருக்கட்டும்மா" என்று அழுதான். அந்த வார்த்தை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மலம் இளக மருந்து கொடுத்த டாக்டர், இப்போதைக்கு டயப்பரிலேயே போகட்டும், இடத்தை மட்டும் பாத்ரூமுக்கு மாற்றுங்கள் என்றார்.

மதுரைக்காரி:
டயப்பரைப் பழக்கியதால் வந்தது இது. என் மகளை ஏழாம் மாதத்திலிருந்தே அம்மாச்சி காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவில் உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" சொல்லுவார். ஒன்றரை வயதில் எல்லாம் முடிந்தது. அப்புறம் ஒரு மாலில் உட்கார்ந்திருக்கும்போதே ஃப்ளஷ் தானாக அடித்துவிட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியவள், இரண்டு மாதம் எந்த வெஸ்டர்ன் டாய்லெட் பக்கமும் வரவில்லை.

இரட்டையர் அப்பா:
மதுரை சகோதரி, பாவம் அவரே நொந்துபோய் எழுதியிருக்கிறார், டயப்பர் மேல் ஏன் பழி? அம்மாச்சி செய்தது, குழந்தைக்கு வரும் நேரத்தைப் பெரியவர்கள் கண்டுபிடிப்பது. குழந்தை தானே உணர்ந்து, வந்து சொல்லி, ஜட்டியைக் கழற்றுவது வேறு. உங்கள் மகளுமே ஒரு பயத்தில் இரண்டு மாதம் ஒதுங்கினாளே. என் இருவரில் ஒருத்தி இரண்டு வயதில் பழகினாள், இன்னொருவன் மூன்றரையில். ஒரே வீடு, ஒரே சாப்பாடு.

திருச்சி சகோதரி, கேட்காமலே சொல்கிறேன், மன்னியுங்கள். ஒருமுறை வலித்தால் குழந்தை அடக்கும், அடக்கினால் மலம் இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். இந்தச் சுழல் உடைய மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் இரண்டு நாள் நன்றாகப் போனான் என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணியாகக் கசிந்தால் திட்டாதீர்கள், உள்ளே கட்டிப்போனதைச் சுற்றி வழிவதாக இருக்கும், அவனுக்கே தெரியாது. பால் அதிகம் குடிக்கிறானா பாருங்கள். பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டுச் சோறு, காய் தொடாத பிள்ளைகளுக்கு இது சகஜம். டாய்லெட்டில் உட்காரும் காலம் வரும்போது காலுக்கடியில் முக்காலி வையுங்கள், கால் தொங்கினால் முக்க வராது. சாப்பிட்டு முடித்த அரைமணிக்குள் குடல் தானாக அசையும், அப்போது ஐந்து நிமிடம் போதும். ராத்திரி நனைப்பதை இதோடு சேர்க்காதீர்கள், ஐந்து வயதிலும் நிறையப் பிள்ளைகள் நனைக்கும்.

திருச்சி அம்மா:
பால் விஷயம் சரிதான், ஒரு நாளைக்கு நான்கு பாட்டில் குடித்துக்கொண்டிருந்தான், இப்போது இரண்டு. இன்று காலை டயப்பரோடு தானாகவே பாத்ரூமுக்குள் போனான். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், குதிகால் தரையில் இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னான். சாத்திவிட்டு வெளியே நின்றேன்.