பதில்: ‘செயலற்ற உறுப்பினர்’ வேண்டாமே, ‘இடையோய்வு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருள் குழுக்களில் நீண்ட நாளாகப் பங்களிக்காத தன்னார்வலரைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> இன்ஆக்டிவ் மெம்பர் = செயலற்ற உறுப்பினர். அகராதியிலேயே இருக்கிறது. புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

அண்ணா, அகராதிப்படி சரிதான். ஆனால் அந்தச் சொல் போய் விழுந்த இடத்தை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் ஓர் அக்கா இருந்தார். பட்டியல், பிழைச்செய்தி என்று மென்பொருள் திரையில் வரும் ஆயிரக்கணக்கான வாசகத் துண்டுகளை, அதாவது சரங்களை, தமிழாக்கியவர். பிறகு எட்டு மாதம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. தானாகப் போகும் மடலுக்கு வாசகம் எழுதியவன் நான்: “நீங்கள் செயலற்ற உறுப்பினராகக் கண்டறியப்பட்டுள்ளீர்கள்.” அப்பாவை டயாலிசிஸுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது வந்ததாம். “ஆமா தம்பி, செயலற்றுத்தான் போயிட்டேன்” என்று ஒரே வரியில் பதில் போட்டார். அதன்பின் அவர் வரவேயில்லை. ‘செயலற்று நின்றான்’ என்றாலே கையாலாகாமல் நின்றான் என்றுதானே நம் காதில் விழுகிறது?

டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தில் இதைக் கவனிக்கும் குழுவுக்கு எம்.ஐ.ஏ. என்று பெயர். போரில் காணாமல்போனவர் என்ற ராணுவச் சொல்லிலிருந்து வந்தது. அதைத் தமிழில் ‘காணாமல்போனோர் குழு’ என்று வைக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தாய்மார் பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தி உட்கார்ந்து கேட்கிற கேள்விக்கு உரிய சொல் அது. ஒரு மென்பொருள் தொகுப்பைப் புதுப்பிக்க மறந்தவருக்கு அதைச் சூட்ட நமக்கு உரிமை இல்லை.

ஓய்வுக்குப் பிறகும் மதிப்புக்காகத் தொடரும் ‘எமெரிட்டஸ்’ பட்டத்துக்கு ‘தகைசால்’ என்ற யோசனையும் பொருந்தவில்லை. தகைசால் பேராசிரியர் என்றால் ஒரு வாழ்நாள் உழைப்பு கண்முன் வரும். 2021 முதல் தமிழக அரசு தரும் தகைசால் தமிழர் விருது அந்த எடையை இன்னும் கூட்டிவிட்டது. கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் 28 வயதுப் பெண்ணை அப்படி அழைத்தால் வழியனுப்பி வைப்பதுபோல் ஆகிவிடும்.

எனக்கு ‘விடுப்பு’ பிடித்திருந்தது. யாழ்ப்பாணத் தோழர் ஒருவர் தனிமடலில் சொல்லித்தான் தெரிந்தது: அங்கே பேச்சில் விடுப்பு என்றால் ஊர்வம்பு, ‘விடுப்புப் பார்க்கிறது’ என்றால் வேடிக்கை பார்ப்பது. ‘இளைப்பாறிய’ என்பதும் அங்கே பணி ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் அதிபருக்கும் வழங்குகிற சொல். இரு கரையிலும் இடறாத ஒன்று வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு: இடையோய்வு. இடை + ஓய்வு. இடைவேளை போல, முன்னும் உண்டு, பின்னும் உண்டு. ‘இடையோய்வில் இருக்கிறார்’, ‘இடையோய்விலிருந்து திரும்பினார்’ என்று வாக்கியத்தில் தடையில்லாமல் வருகிறது. ஆளுக்குப் பட்டம் ஒட்டாமல் நிலையை மட்டும் சொல்கிறது.

> பெயரை அழகாக்கினால் போதுமா? பட்டியலில் சும்மா இருப்பவர்களால் வாக்கெடுப்பே நடக்காது.

கவலை நியாயமானது. டெபியன் அமைப்புச் சட்டத்தில் பொதுத் தீர்மானத்துக்கான கோரம் (வாக்களிக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் ஒன்றரை மடங்கு. 900 பேர் என்றால் 45 பேராவது வாக்களிக்க வேண்டும். அவர்களில் 500 பேர் உண்மையில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமுள்ள 400 பேருக்கு 30 போதும். வராதவர்களுக்காக வந்தவர்கள் கூடுதல் பாரம் சுமக்கிறார்கள். ஆகவே எண்ணிக்கையைச் சரிசெய்யத்தான் வேண்டும். பைத்தான் நிரல்மொழித் திட்டத்தின் ஆளுகை ஆவணம் இதை நன்றாகச் செய்திருக்கிறது: 2 ஆண்டு குறிப்பிடத்தக்க பங்களிப்பு இல்லையென்றால் விலகியிருக்கச் சொல்லிக் கேட்கலாம், பதில் இல்லையென்றால் மாற்றலாம், ஆனால் பெயர் மற்றவர்களோடு பட்டியலிலேயே இருக்கும், மறுபடி வேலை தொடங்கினால் அவர் விருப்பப்படி திரும்பலாம். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிலும் ஒருவர் ஈட்டிய தகுதி காலாவதியாகாது என்பது கொள்கை.

இன்னொரு சொல்லையும் இதோடு மாற்ற வேண்டும்: ‘நீக்கம்’. நம் செய்தித்தாளில் அது எப்போது வரும்? ‘அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கம்’. குற்றவாளிக் கூண்டு வாசனை. நமக்குத் தேவை களஞ்சிய அணுக்கத்தை, அதாவது நிரல் இருக்கும் இடத்தில் மாற்றம் செய்யும் அனுமதியை, திரும்பப் பெறுவது மட்டும். பயன்படாத கணக்கு களவுபோனால் எல்லோருக்கும் ஆபத்து, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. அதை ‘சாவி ஒப்படைப்பு’ என்போம். ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதில் இழிவு ஏதுமில்லை, வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்வார். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்வாசல் விவகாரத்தையும் நினைத்துப் பாருங்கள். களைத்திருந்த பராமரிப்பாளரைப் பொதுமடல்களில் ‘தாமதம், தாமதம்’ என்று இடித்து இடித்துத்தான் இன்னொருவருக்குப் பொறுப்பில் இடம் கிடைக்கச் செய்தார்கள், பின்வாசலை வைத்தவர் அவர்தான்.

ஆர்ஃபன்டு பேக்கேஜுக்கு ‘அநாதைத் தொகுப்பு’ வேண்டாம், ‘பொறுப்பாளரற்ற தொகுப்பு’ போதும். இதில் எனக்கு அதிகப் பிடிவாதம் இல்லை.

தானியங்கி மடலைத் திருத்தி எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்:

“வணக்கம். சில காலமாக உங்களைக் காணவில்லை, நலமா? 60 நாளுக்குள் பதில் வராவிட்டால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘இடையோய்வு’ என்று குறிப்போம். சாவி எங்களிடம் இருக்கும். நீங்கள் செய்த 4,212 சரங்களும் உங்கள் பெயரிலேயே இருக்கின்றன. திரும்ப வர இந்த மடலுக்கு ஒரு வரி பதில் போதும், காரணம் எழுத வேண்டாம்.”

எண்ணிக்கையை ஒவ்வொருவருக்கும் நிரல் நிரப்பிக்கொள்ளும். மேலே போட்டிருப்பது அந்த அக்காவுடையது. அவருக்கு மட்டும் நானே கையால் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்.