நியூசிலாந்தில் தம்பதியாக டிராம்பிங் (மலை, காட்டுப் பாதை நடை) போகிறவர்களுக்கு: பீக்கன், ஆறு, பூட்ஸ் (அனுபவப் பகிர்வு)

குடில்வாசி:
இந்த ஊரில் மலைப் பாதுகாப்பு ஏற்பாடு மொத்தமும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: உங்களுக்காக யாரோ ஒருவர் வீட்டில் காத்திருக்கிறார். வேலை விசாவில் வந்த கணவன் மனைவி இருவருமே மலையில் இருந்தால் அந்த இடம் காலி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

பீக்கன் (ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி) பதிவைப் பாருங்கள். கணவர் பெயரில் பதிந்துவிட்டு அவசரத் தொடர்புக்கு மனைவியின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் அந்த எண்ணைத்தான் கூப்பிடும். அந்த போனோ சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில், கூடவே நடக்கும் மனைவியின் பேக்குக்குள் கிடக்கும். எத்தனை பேர், எந்தப் பாதை, யாருக்கு ஆஸ்துமா என்று சொல்ல ஆள் இருக்காது. நியூசிலாந்திலேயே இருக்கும் இரண்டு பேரைப் போடுங்கள். ஆபீஸ் சகா, பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி. சொந்த ஊரில் உள்ள அப்பா அம்மா மூன்றாவதாக இருக்கட்டும். அங்கிருந்து 111 (நியூசிலாந்தின் அவசர எண்) போட்டால் இந்த ஊர் போலீஸ் எடுக்காது.

நியூசிலாந்தில் இருக்கும் அந்தத் தொடர்பு ஆளிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவை: பாதையின் பெயர், எந்த இரவு எந்த ஹட் (வழியில் தங்கும் குடில்), கார் நம்பர், கார் நிற்கும் இடம். இதையெல்லாம் விட முக்கியமானது கெடு நேரம். மதியம் 3 மணிக்கு வெளியே வருவதாக இருந்தால் கெடு இரவு 8 மணி. "அதற்குள் போன் வராவிட்டால் 111-ஐக் கூப்பிட்டுப் போலீஸைக் கேளுங்கள்" என்று தெளிவாக எழுதுங்கள். "லேட்டானா பாத்துக்கோங்க" என்பதை வைத்து யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். வெளியே வந்ததும் முதல் போன் அவருக்குத்தான்.

பீக்கனை இங்கேயே வாங்குங்கள். வேறு நாட்டில் வாங்கியதில் அந்த நாட்டுக் குறியீடு இருக்கும். பதிவும் விசாரணையும் சுற்றிக்கொண்டு போகும். இங்கே பதிவு இலவசம், சந்தா கிடையாது. ஒரு தடவைப் பயணத்துக்கு வாடகைக்கும் கிடைக்கிறது. பேக்கில் போடாமல் உடம்போடு வையுங்கள். ஆற்றில் பேக் போய்விட்டால் பீக்கனும் சேர்ந்து போகும்.

ஈரக்கால்:
ஆறு என்றதும் வந்துவிட்டேன். முதல் விதி, கடக்காமல் இருப்பது. தெற்குத் தீவின் மேற்குக் கரைப் பக்கம் மழை பெய்தால் ஆறு எவ்வளவு வேகமாக ஏறுமோ, மழை விட்டதும் பெரும்பாலும் அதே வேகத்தில் இறங்கும். ஒரு நாள் உணவு கூடுதலாக இருந்தால் ஹட்டிலேயே உட்காரலாம். திங்கட்கிழமை ஆபீஸுக்காக ஆற்றில் இறங்காதீர்கள்.

தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ, மரக்கிளை மிதந்து வந்தாலோ, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலோ அன்றைக்கு வேண்டாம். தெளிவாக இருந்தால் ஒரு குச்சியைப் போட்டுவிட்டுக் கரையோரமாக நடந்து பாருங்கள். குச்சி உங்களை முந்தினால் வேண்டாம். இடம் சரியா என்று பார்க்கும்போது கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். தவறினால் அடித்துக்கொண்டு போகும் இடத்தில் விழுந்த மரமோ பாறை இடுக்கோ இருக்கக் கூடாது.

தம்பதிகள் செய்கிற தப்பு, கைகோத்துக்கொண்டு இறங்குவது. கைநீளத்துக்கு இடைவெளி விழுந்துவிடும். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தண்ணீரின் அடியை வாங்குவார்கள். தோளோடு தோள் ஒட்டி நில்லுங்கள். அவர் முதுகுக்கும் பேக்குக்கும் நடுவே உங்கள் கையை நுழைத்து, அந்தப் பக்கத்துப் பட்டையை இறுகப் பிடியுங்கள், அவரும் அப்படியே. பலசாலி மேல்நீர்ப் பக்கம். இருவரும் எதிர்க்கரையைப் பார்த்தபடி, நீரோட்டத்துக்கு இணையான வரிசையில் நிற்க வேண்டும். அப்போதுதான் முதல் ஆள் தண்ணீரை உடைப்பார், அடுத்தவர் அவரைத் தாங்குவார். மார்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். பூட்ஸைக் கழற்ற வேண்டாம். சின்னச் சின்ன எட்டாக, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாகக் கடக்க வேண்டும். ஆழத்தை உயரம் குறைந்தவரின் தொடையை வைத்துக் கணக்கிடுங்கள். இருவர் என்பதே இந்த முறைக்குக் குறைந்தபட்சம். நாலு பேர் சேர்ந்தால் பலம் வேறு.

புதுவரவு:
எங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. பாலம் இருக்கிற பாதையா சொல்லுங்களேன்?

குடில்வாசி:
கிரேட் வாக் பாதைகள் (நன்றாகப் பராமரிக்கப்படும் பிரபலமான பல நாள் பாதைகள்). மொத்தம் 11; அதில் வாங்கனுயி மட்டும் ஆற்றில் படகில் போவது, அதை விடுங்கள். சீசனில் பெரிய ஆறுகளுக்கெல்லாம் பாலம் இருக்கும். மெத்தை இருக்கும், போர்வை இருக்காது; ஸ்லீப்பிங் பேக் உங்களுடையது. குளிர்காலத்தில் போனால் கதை வேறு: பனிச்சரிவு அடித்துப்போகும் என்று மில்ஃபோர்ட் பாதையில் சில பாலங்களையே கழற்றி வைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் நடை என்றால் டொங்கரீரோ கிராசிங். அங்கே எதிரி காற்று. ஷட்டிலுக்கு (பாதை முனைக்குக் கொண்டுவிடும் வண்டி) பணம் கட்டிவிட்டோமே என்று வானிலை பார்க்காமல் ஏறுகிறவர்கள் நிறைய. தேதி மாற்ற அனுமதிக்கும் ஷட்டிலாகப் பார்த்து எடுங்கள். பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ, இல்லையென்றால் பாலியஸ்டர்.

தெற்குத்தீவு:
இரண்டு விஷயம் விட்டுப்போச்சு.

லீவுக்கு ஊருக்குப் போறப்ப அதே பூட்ஸைப் போட்டு வயல்ல நடந்துட்டு அப்படியே திரும்பி வராதீங்க. ஏர்போர்ட்ல பூட்ஸ், டென்ட், நடைக்கோல் எல்லாத்தையும் பயணி அறிவிப்புப் படிவத்துல (NZTD) டிக்ளேர் பண்ணுங்க. டிக்ளேர் பண்ணா அபராதம் இல்ல. டிக்ளேர் பண்ணாம மண்ணோட பிடிபட்டா 400 டாலர். மண் ஒளியற இடம் கயிற்று ஓட்டை, நாக்கு மடிப்பு, டென்ட் முளை. பழைய பல்துலக்கி போதும். வடக்குத் தீவுல கௌரி (kauri) மரக் காட்டு வாசல்லயும், மரத்தைக் கொல்ற மண் கிருமி பரவாம இருக்க, இதே வேலைதான். முதல்ல மண்ணைத் தேய்ச்சு எடுத்துட்டு அப்புறம்தான் மருந்து அடிக்கணும். மண்ணுக்கு மேல அடிச்சா உள்ள இருக்கற கிருமிக்குப் போய்ச் சேராது.

இன்னொண்ணு, கியா கிளி. ஹட் வாசல்ல பூட்ஸை விட்டா காலைல தோலும் கயிறும் கிழிஞ்சு கிடக்கும். எவ்வளவு நாறினாலும் உள்ள கொண்டுபோய் ஆணியில மாட்டுங்க. கீழ்க்காட்டுல கியா இல்லன்னாலும் வேக்கா (பறக்காத ஒரு பறவை) இருக்கும். அது ஒத்தை ஷூவைத் தூக்கிட்டு ஓடிடும்.