சபை விருந்து முடிந்ததும் ஒன்பது குப்பைப் பைகள்: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: சமையற்கூடச் சாவி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியச் செயலாளராகப் பொறுப்பேற்று எட்டு மாதம் ஆகிறது. கொஞ்ச நாளாக மனதில் கிடந்து அரிக்கும் ஒரு விஷயத்தை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து ஆராதனை. அது முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். அன்பின் விருந்து என்றுதான் அதைச் சொல்வோம். நூற்றிருபது பேர் வருவார்கள். போன மாதம் கூடத்தைப் பூட்டுவதற்காக நான் கடைசிவரை நின்றேன். பின்வாசலில் கறுப்புப் பைகள் ஒன்பது இருந்தன. ஒன்று கிழிந்திருக்கவே, முடிச்சுப் போட்டு வைக்கலாம் என்று குனிந்தேன். தெர்மகோல் தட்டுகள், தொட்டும் தொடாமலும் விட்ட சாப்பாடு, டீ கப்புகள், பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள். அவற்றுக்கு நடுவே, திருவிருந்தில் திராட்சரசம் கொடுத்த சின்னக் கிண்ணங்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும், எல்லாம் பிளாஸ்டிக். ஒன்றின் அடியில் ஒரு சொட்டுச் சிவப்பு இன்னும் காயவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நான் கண்ணை மூடி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஜெபித்த கிண்ணம் அதுவாகக்கூட இருக்கலாம். பையைக் கட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இதைக் கமிட்டியில் சொன்னேன். மூத்த சகோதரர் ஒருவர், "சபையின் வேலை ஆத்துமாக்களைப் பார்ப்பது, குப்பையைப் பார்ப்பது இல்லை" என்றார். இன்னொருவர் வேதத்தில் பேதுருவின் இரண்டாம் நிருபத்தை எடுத்து, பூமி கடைசியில் எரிந்து அழியத்தானே போகிறது, அதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்டார். அவர்களுக்கு ஏதோ பதில் சொன்னேன். பதில் சொல்ல முடியாமல் போனது சமையற்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கேட்ட கேள்விக்குத்தான். அவர் சத்தம் போடவே இல்லை. "பழையபடி தட்டு கழுவணும்னா யாரும்மா கழுவறது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முன்னால் பல வருஷம் எவர்சில்வர் தட்டுகளில்தான் விருந்து நடந்திருக்கிறது. அவற்றைக் கழுவியவர்கள் அவரும் இன்னும் மூன்று பேரும்தான்.

கடைசியில் பேப்பர் தட்டு, பேப்பர் கப்புக்கு மாறலாமே என்று ஒருவர் சொல்ல, அதோடு பேச்சு முடிந்தது. அது சரியான வழியா? அந்த அக்காவை மறுபடி தொட்டியடியில் நிறுத்தாமல், யார் மனதையும் நோகடிக்காமல் இதை எப்படித் தொடங்குவது? உங்கள் சபைகளில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய பொருளாளர்

சகோதரி, கமிட்டியில் வந்த மூன்று கேள்விகளில் அந்த அக்கா கேட்டதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைக் கேட்காமல் தொடங்கித் தோற்றோம், அதனால் சொல்கிறேன்.

முதலில் பேப்பர் கப். பெரும்பாலான பேப்பர் கப்புகளின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், பாலிஎதிலீன். டீ காகிதத்தை ஊறவைக்காமல் இருப்பது அதனால்தான். அந்தப் பூச்சு இருப்பதால் கப் முழுசாக மக்காது, சாதாரணப் பழைய பேப்பரோடும் சேர்க்க முடியாது. பேப்பர் தட்டுகளிலும் பலவற்றுக்கு இதே கதைதான். மாற்றிவிட்டோம் என்ற திருப்தி மட்டும் கிடைக்கும், பை ஒன்பது ஒன்பதாகவே நிற்கும்.

நான் பொருளாளராக இருந்தபோது நூற்றைம்பது எவர்சில்வர் தட்டு வாங்கினோம். ஆராதனையில் வைத்து ஜெபித்து, எல்லாரும் கைதட்டினோம். மூன்றே மாதம். நான்காவது மாதம் தட்டுகள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன, தெர்மகோல் திரும்பி வந்துவிட்டது. யாரும் தீர்மானம் போட்டு நிறுத்தவில்லை. எங்கள் சபையிலும் கழுவியவர்கள் நான்கே பேர்தான், அவர்களுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு முதலில் கோபம் வந்தது. என் மனைவிதான், "ஒரு நாள் நீங்க நின்னு கழுவிப் பாருங்க" என்றாள்.

நின்றேன். முதல் முப்பது தட்டுவரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தொட்டித் தண்ணீரில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்தது, தட்டின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்த பருக்கை நகத்தால் சுரண்டினால்தான் போயிற்று. எழுபதாவது தட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். பாட்டு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது, நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். என் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த அம்மா வரி தவறாமல் கூடவே பாடினார்கள். இத்தனை வருஷமும் ஐக்கியத்தின் பாட்டை அவர்கள் சுவர் வழியாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் அன்பின் விருந்தில் அந்த நான்கு பேருக்கு இடமே இருந்ததில்லை. பிளாஸ்டிக்கைப் பற்றி அவ்வளவு பேசிய எனக்கு அது கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு மாற்றியது இரண்டே விஷயம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தட்டும் டம்ளரும் துணிப்பையில் கொண்டுவருவது, அழுக்குத் தட்டை அதே பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுவது. புதிதாக வருகிறவர்களுக்கும் மறந்து வருகிறவர்களுக்கும் சபையில் இருபத்தைந்து தட்டு. எது யாருடையது என்று குழம்பாமலிருக்கத் தட்டின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, வீட்டுக்கு ஒரு நிறம். பரிமாறும் பாத்திரங்களும் அந்த இருபத்தைந்து தட்டும்தான் சபையில் கழுவ வேண்டியவை. அதற்கு முறை போட்டோம். முதல் முறை கமிட்டி ஆண்கள், இரண்டாவது வாலிபர்கள், அப்புறம் வீட்டுக் கூட்டக் குழுக்கள். அந்த நான்கு பேருக்கும் ஒரு வருஷம் முறையே கிடையாது என்று எழுதி ஒட்டினோம். பாட்டும் ஜெபமும் கழுவி முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான்.

எங்களுக்கு இப்போது ஒன்றரைப் பை நிற்கிறது. ஒன்பது வருஷமாகக் கை குலுக்கி மட்டும் பழகிய ஒரு சகோதரரின் மகன் உடம்பு முடியாமல் இருப்பதை நான் தெரிந்துகொண்டதும் அந்தத் தொட்டியடியில்தான். இரண்டு பேரும் கையில் சோப்போடு நின்று அங்கேயே ஜெபித்தோம்.

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

அன்பு மகளே, தட்டைப் பற்றிப் பொருளாளர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மூத்த சகோதரர்களுக்காக ஒரு வார்த்தை. அவர்களோடு வாதாட வேண்டாம், சேர்ந்து வேதத்தைத் திறந்து வாசியுங்கள்.

ஆதியாகமம் 2:15-இல் கர்த்தர் மனுஷனை ஏதேன் தோட்டத்தில் "பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார். அந்தக் "காக்க" என்பதற்கு எபிரெயத்தில் ஷாமார் என்ற சொல். எண்ணாகமம் 6:24-இல் "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று வருவதும் அதே சொல்தான். நம் தமிழ் மொழிபெயர்ப்பிலும் இரண்டு இடத்திலும் காத்தல்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் அந்த ஆசீர்வாதத்தைச் சபைக்குச் சொல்லி முடித்தவன் நான். கர்த்தர் நம்மைக் காக்கிற அதே விதமாகத் தோட்டத்தைக் காக்கும்படி நம்மை வைத்தார் என்பதை ஓய்வு பெறும் காலத்தில்தான் பிரசங்கித்தேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

இரண்டாம் பேதுரு 3:10 நம் வேதாகமத்தில் "எரிந்து அழிந்துபோம்" என்று முடிகிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் அந்த இடத்தில் "காணப்படும்" என்ற வினை இருக்கிறது. பூமியும் அதில் செய்யப்பட்டவையும் மறைக்க இடமில்லாமல் தேவனுக்கு முன் வெளியாகும் என்று அறிஞர்கள் பலர் அதை வாசிக்கிறார்கள். எந்த வாசிப்பை எடுத்தாலும் அடுத்த வசனத்தில் பேதுரு கேட்பது, நீங்கள் எப்படிப்பட்ட பரிசுத்த நடக்கை உள்ளவர்களாயிருக்க வேண்டும் என்பதைத்தான். எப்படியும் எரியும், அதனால் எதையும் எறியலாம் என்று அவர் சொல்லவே இல்லை.

இது நேற்று வந்த பேச்சும் இல்லை. உலக ஆங்கிலிக்கன் சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியம், மிஷன் பணிக்குத் தான் வகுத்த அடையாளங்களில் படைப்பைப் பாதுகாப்பதை 1990-இல் ஐந்தாவதாகச் சேர்த்தது. அதற்கு முந்தைய வருஷம் ஆர்த்தடாக்ஸ் சபைகளின் மூத்த தலைவரான கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா டிமிட்ரியோஸ் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான ஜெபநாளாக அறிவித்தார். 2015-இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்க சபைக்கும் அதே நாளை வைத்தார். அந்த நாளிலிருந்து அசிசி பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை பல சபைகள் படைப்பின் காலமாக ஆசரிக்கின்றன. உங்கள் போதகரிடம் அதில் ஒரு ஞாயிறு கேளுங்கள். பிரசங்க வசனமும் வேண்டுமானால் யோவான் 6:12. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு ஆண்டவர் சொன்னது, "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்." அப்பத்தைப் பெருக்க முடிந்தவருக்கு மீதியைச் சேர்க்க வேண்டிய அவசியம் என்ன? ஆனாலும் சேர்க்கச் சொன்னார்.

பதில்: தகைவிலான்

அக்கா, திருவிருந்துக் கிண்ணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். தனித்தனிக் கிண்ணம் 1890களில் நோய்த்தொற்றுப் பயத்தால் அமெரிக்கச் சபைகளில் பரவியது. அப்போது அவை கண்ணாடிக் கிண்ணங்கள். தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பின்னால் வந்ததுதான். நாங்கள் கண்ணாடிக்குத் திரும்பிவிட்டோம். கொதிநீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்போம். வெறுமனே கழுவுவதாக எனக்குத் தோன்றுவதே இல்லை, ஆராதனைக்கு ஆயத்தப்படுவதாகத்தான் இருக்கிறது.

நான் பீடத்துக்குப் பூ வைப்பவள். பூ குத்தும் பச்சை ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக்தான், உதிர்ந்தால் தூள் தூளாகத் தண்ணீரில் கலக்கும் என்று தெரிந்தபின் அதை விட்டேன். வலைக்கம்பியைப் பந்துபோலச் சுருட்டி ஜாடிக்குள் வைத்தால் காம்பு நன்றாகவே நிற்கிறது. பேனருக்கும் ஒரு யோசனை. துணியில் எழுதுங்கள், வருஷம் போடாதீர்கள். எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளித் துணி மூன்றாவது வருஷம் தொங்குகிறது.

எங்கள் சபையில் மனசு மாறியது இதனாலெல்லாம் இல்லை. ஆலயத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்த வாரம், முகப்பு உத்திரத்தில் தகைவிலான் குருவி சேற்றுருண்டைகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய கூட்டில் முட்டை இருந்தது. குச்சியால் தட்டிவிடலாம் என்றார்கள். ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன் போதகர் ஐயாவிடம் போய் 84-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினான். "உம்முடைய பீடங்களண்டையில் அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே." ஐயா அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வெள்ளையடிக்கச் சொன்னார். பொரிக்க இரண்டு வாரம், பறக்க மூன்று வாரம். எச்சம் வாசலில் விழாமல் கூட்டுக்குக் கீழே ஒரு பலகை அடித்தோம். ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள்கூட அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கூட்டின் விளிம்பில் நான்கு மஞ்சள் வாய் வரிசையாகத் திறந்திருக்கும். முன்பு என் பேச்சைக் கேட்காத ஒரு பெரியவர் இப்போது பலகையைத் தானே சுத்தம் செய்கிறார்.

கேட்டவர்: சமையற்கூடச் சாவி

ஐயா, அண்ணா, தங்கை, மூன்று பேருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்துக்கொண்டு நேற்று சாயங்காலம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். கமிட்டிக்கு முன்னால் அவரிடம் போயிருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

சுவர் வழியாகப் பாட்டுக் கேட்ட இடத்தை வாசித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "முறை போடுறது நல்லது, ஆனா என்னை ஒரேயடியா நிறுத்திடாதே, எனக்கும் ஒரு முறை வேணும்" என்றார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். தொட்டி ரொம்பத் தாழ்வு, குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது, முதுகு போனது அதனால்தான், அதை உயர்த்திக் கட்டினால் போதும் என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் தன்னிடம் கேட்டதில்லையாம்.

இன்றைக்குக் கமிட்டியில் முதலில் அதைத்தான் வைத்தேன். ஐயா சொன்னபடி யோவான் 6:12-ஐ வாசித்தோம். பூமி எரியும் என்ற சகோதரரே தொட்டிக்குக் கொத்தனாரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த முதல் ஞாயிறு தட்டு வீட்டிலிருந்து வரும், கண்ணாடிக் கிண்ணம் அதற்கு அடுத்த மாதம். மீதியிருக்கும் இரண்டு கட்டுத் தெர்மகோல் தட்டுகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

பொருளாளர் அண்ணா, உங்கள் தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

பதில்: பழைய பொருளாளர்

எங்கள் அளவு வேண்டாம் சகோதரி. அந்த அக்காவையே அங்கே நிறுத்தி, கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு ஒரு சாண் கீழே தொட்டியின் விளிம்பு வரட்டும். கொத்தனார் வரும்போது அவரும் கூட இருக்கட்டும்.