நேற்று ஒரு கோடு, விடிந்ததும் இரண்டு கோடு: எந்த டெஸ்டை நம்புவது?

தேயிலைப்பூ | தலவாக்கலை | ஜனவரி 30

அக்காமாருக்கு வணக்கம். எனக்கு 27 வயது, மகனுக்கு மூன்று. நாள் தள்ளி 25 நாளாகிவிட்டது. நேற்று டவுனில் கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப் இரண்டு வாங்கினேன். பொழுதுபட்ட பிறகு ஒன்றைச் செய்தேன். ஐந்து நிமிடம் பார்த்தேன், ஒரே கோடு. அதை ஜன்னல் கட்டையில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க) எழும்பிப் பார்த்தால் அதிலேயே இரண்டாவது கோடு! நூல் மாதிரி மெல்லிசாக, சாம்பல் நிறம். அவசரமாக மற்றதையும் செய்தேன். அதில் ஒரு கோடுகூட விழவில்லை. (விடியற்காலையில் குளிரில் கை விறைக்கும் என்று அதன் உறையை இரவே கிழித்து அடுப்படியில் வைத்திருந்தேன்.)

பாமசியில் பிளாஸ்டிக் பெட்டி மாதிரி ஒன்றும் இருக்கிறது, விலை நாலு மடங்கு. அது சரியாகச் சொல்லுமா? எந்தக் கம்பனியை நம்பலாம்? நாத்தனாரிடம் வாய்விட்டுவிட்டேன், இப்போது லயம் முழுக்க என் வயிற்றைத்தான் பார்க்கிறது.

கொத்மலைக்காரி

ரெண்டு கோடு என்றால் ரெண்டு கோடுதான் தங்கச்சி. முழுகாமல்தான் இருக்கிறீர்கள், வாழ்த்துகள்! சந்தேகமாக இருந்தால் சிறுநீரில் கொஞ்சம் உப்பு போட்டுப் பாருங்கள், நுரைத்தால் நிச்சயம்.

பழைய பாமசிக்காரன் | பண்டாரவளை

வாழ்த்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம். உப்பு, சீனி, பற்பசை எதுவும் வேண்டாம், அவற்றுக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் ஸ்ட்ரிப்: சொன்ன நேரத்துக்குள் ஒரு கோடு, அதுதான் கணக்கு. பெரும்பாலானவற்றை 3 முதல் 5 நிமிடத்தில் பார்க்க வேண்டும், 10 நிமிடம் தாண்டினால் வீசிவிட வேண்டும். ஈரம் காய்ந்ததும் மருந்து பூசிய இடத்தில் இப்படி நிறமில்லாத தழும்பு தெரியும். உண்மையான கோட்டில் கட்டுப்பாட்டுக் கோட்டின் (டெஸ்ட் வேலை செய்கிறது என்று காட்ட எப்போதும் விழ வேண்டிய கோடு) நிறமே இருக்கும், இளஞ்சிவப்போ நீலமோ. நேரத்துக்குள் நிறத்தோடு வந்தால் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது 'ஆம்'தான்.

இரண்டாவது: கட்டுப்பாட்டுக் கோடே விழவில்லை என்றால் அந்த டெஸ்ட் செத்துவிட்டது. ஆமுமில்லை, இல்லையுமில்லை. ஸ்ட்ரிப்பில் 'இதுவரைதான் முக்கலாம்' என்று போட்டிருக்கும் மேக்ஸ் கோடு வரை முக்காமல் விட்டாலும், அதைத் தாண்டி முக்கினாலும் இப்படி ஆகலாம். ஆனால் எனக்கு அந்த உறைமீதுதான் சந்தேகம். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் இருந்திருக்குமே, அது ஈரம் உறிஞ்சுவதற்கு. நம் ஊர்க் குளிர் ஸ்ட்ரிப்பை ஒன்றும் செய்யாது, 2 முதல் 30 பாகை வரை தாங்கும். பனி ஈரமும் அடுப்படி ஆவியும்தான் ஆகாது. செய்யும் நிமிடத்தில் கிழியுங்கள்.

விலை? அந்தப் பிளாஸ்டிக்கை உடைத்துப் பாருங்கள், உள்ளே அதே காகிதத் துண்டு இருக்கும். சொட்டுவிட வசதி, அவ்வளவுதான். கம்பனிப் பெயரைவிட காலாவதித் திகதியையும் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். எவ்வளவு கர்ப்ப ஹோர்மோன் இருந்தால் டெஸ்ட் பிடிக்கும் என்பதுதான் அந்த எண். 25 எம்.ஐ.யு என்பது வழக்கம். 10 என்றால் இன்னும் குறைந்த அளவு ஹோர்மோனையும் பிடிக்கும்.

ராகலை அக்கா

நான் கொஞ்சநாள் கிளினிக்கில் வேலை செய்தவள், அந்தப் புத்தியில் கேட்கிறேன். மகனுக்குப் பிறகு பிள்ளை தங்காமலிருக்கப் போடும் மூன்று மாத ஊசி போட்டீர்களா? கடைசியாகத் தீட்டு எப்போது? வீட்டுக்காரர் கூட இருக்கிறாரா?

தேயிலைப்பூ

ஆமாம் அக்கா, அதை எழுத மறந்துவிட்டேன். கடைசி ஊசி போன மார்ச். அதற்குப் பிறகு அக்டோபரில் ஒருதடவை, டிசம்பர் 5இல் ஒருதடவை வந்தது. அவர் கொழும்பில் கடையில் நிற்கிறார். தீபாவளிக்கு வந்தார், பிறகு பொங்கலுக்கு. 13ஆம் திகதி வந்து 17 காலையில் போனார்.

ராகலை அக்கா

அப்போ விஷயம் அங்கேதான் இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு தீட்டு வந்துவிட்டது. நீங்கள் 'தள்ளிப்போச்சு' என்று எண்ணத் தொடங்கியது ஜனவரி 4 வாக்கில், அவர் வந்ததோ 13. அவர் பஸ் ஏறும் முன்பே ஒன்பது நாள் தள்ளியாகிவிட்டது! அந்த ஒன்பது நாளுக்குப் பிள்ளை காரணமாக இருக்க முடியாது. ஊசியை நிறுத்தினால் தீட்டு ஒழுங்குக்கு வரப் பல மாதம் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட.

ஆனால் பொங்கலுக்குத் தங்கியிருக்காது என்றும் சொல்ல முடியாது. கரு ஒட்டிய பிறகுதான் அந்த ஹோர்மோன் ஊறும், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். நீங்கள் 13ஆவது நாளிலேயே, அதுவும் சாயத்தண்ணி குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போன பிறகு பொழுதுபட்டுப் பார்த்திருக்கிறீர்கள். தீட்டுக் கணக்கு நம்ப முடியாதவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் விட்டுப் பார்க்க வேண்டும். பெப்ரவரி 7 காலை, முதல் சிறுநீரில் பாருங்கள். அதற்கிடையில் ஒரு பக்க அடிவயிற்றுவலி, இரத்தப்போக்கு, தோள்பட்டை வலி, தலைசுற்று வந்தால் டெஸ்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொத்மலைக்காரி

உப்பு விஷயம் எங்கள் ஆச்சி சொன்னது. மன்னிக்கவும் 🙏

தேயிலைப்பூ | பெப்ரவரி 12

7ஆம் திகதி காலையில் புது ஸ்ட்ரிப்பில் பார்த்தேன். போனில் மணி வைத்து, கட்டிலில் உட்கார்ந்து, மூன்றாவது நிமிடம், ஐந்தாவது நிமிடம். பளிச்சென்று ஒரே கோடு. இந்தத் தடவை ஜன்னலில் வைக்காமல் நேரே அடுப்பில் போட்டேன். நேற்றுத் தீட்டும் வந்துவிட்டது. நாத்தனார்தான் என்னைவிடக் கவலைப்படுகிறாள்.

மிட்வைஃப் மிஸ்ஸிடம் எல்லாம் சொன்னேன். பிள்ளை வேண்டுமென்றால் இப்போதிருந்தே போடச் சொல்லி ஃபோலிக் அமில மாத்திரை தந்தார். இந்தத் தடவை புதிதாக இரண்டு வாங்கியதில் ஒரு ஸ்ட்ரிப் மீதம். காலாவதி 2027 மே. உறை கிழியாமல் அலுமாரியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. சித்திரைக்கு அவர் பத்து நாள் லீவில் வருகிறார்.